இஸ்திரி போட்டதும் கையெழுத்து மறைந்துவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒரு அக்காவுக்காகக் கையெழுத்து குவில்ட் தைக்கிறேன், அதாவது ஆளுக்கொரு துணிக் கட்டத்தில் எழுதித் தர, அவற்றை இணைத்துத் தைக்கும் போர்வை. மொத்தம் 20 கட்டங்கள். தைத்தபின் 6 அங்குலம் நிற்க வேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்று ஆறரை அங்குலமாக வெட்டினேன். வெளிர் நிறப் பருத்தித் துணி, கஞ்சி போகத் துவைத்தது. துணிக்கு அழியாத மை பேனாவும் கொடுத்தனுப்பினேன்.

18 கட்டங்கள் அருமையாக வந்தன. ஒருவர் மட்டும் தன் சொந்தப் பேனாவைக் கொடுத்துத் தன் அம்மாவை எழுத வைத்திருக்கிறார். மையை நிலைப்படுத்த இஸ்திரி போட்டேன், எழுத்தே மாயம்! சூடு பட்டால் மறையும் ரகம் போல. யாரோ சொன்னதைக் கேட்டு ஃப்ரீசரில் வைத்தேன். லேசாகத் திரும்பி வந்தது. அது அவருடைய அம்மாவின் கை நடுங்கும் எழுத்து, மறுபடி எழுதச் சொல்ல மனம் வரவில்லை. அதன்மேலேயே பின்தையல் போட்டுவிடலாமா? எழுத்து ரொம்பப் பொடி. எம்ப்ராய்டரி நூலில் ஒரு இழை போதுமா, இரண்டு வேண்டுமா? அதே பேனாதான் என்பதால் தையலுக்கு அடியில் பிறகு கறை தெரியுமோ என்றும் பயம்.

அப்புறம் இன்னொன்று. ஒரு தம்பி ஓரம்வரை எழுதிவிட்டான், கடைசி எழுத்து தையலுக்குள் போய்விடும். சுற்றிப் பட்டி வைத்தாலும் அதே கால் அங்குலம் போகுமே? வெட்டி வேறு துணிமேல் ஒட்டித் தைத்தால் அசிங்கமாக இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிறுக்குள் கட்டங்களை இணைக்க வேண்டும்.