64 ஜிபி லேப்டொப்போடு பட்ட பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை ரீச்சர்:

ஏ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். கொரோனா நேரம் சூமுக்குப் போன வகுப்புகளில் பாதி இன்னும் சூமில்தான் நடக்கிறது. பழைய லேப்டொப் உயிரை விட்டதும், கையிலிருந்த காசுக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் புதிது எடுத்தேன். பெட்டியில் சேமிப்பு இடம் 64 ஜிபி என்று போட்டிருந்தது. "இது காணுமா தம்பி?" என்று கேட்டேன். "காணும் மிஸ், தேவையென்றால் பிறகு பெரிசாகப் போட்டுத் தரலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 58 சொச்சம்தான் காட்டியது. மிச்சத்தை யாரும் தின்னவில்லை. டிரைவ் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, பெரும்பாலும் அதனால்தான். விண்டோஸ் 11 ஏறுவதற்கே குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட்டே சொல்கிறது. அதாவது நான் வாங்கியது வெறும் வாசற்படி. வீடு அதற்குப் பிறகுதான்.

ஒரு சனிக்கிழமை பங்குடைமைக் கணக்கு, இரண்டரை மணித்தியாலம். வகுப்பு முடிந்ததும் சூம் பதிவை வீடியோவாக மாற்றத் தொடங்கியது. பச்சைக் கோடு பாதி தாண்டி அப்படியே நின்றது. இடம் போதாதாம். ஃபோல்டரைத் திறந்தால் வீடியோ இல்லை, இரட்டைக் கிளிக் செய்து மாற்றச் சொல்லும் அரைகுறைக் கோப்புகள் மட்டும். அதற்குள் வட்ஸ்அப்பில், "மிஸ், ரெக்கோடிங் எப்ப வரும்?" கடைசியில் அந்த ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் போட்டு, அண்ணாவின் கொம்பியூட்டரில் வைத்துக் கிளிக் செய்தேன். வந்துவிட்டது. இதே நிலையில் யாராவது நின்றால் அந்தக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார்கள். சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு கறுப்புச் சில்லு, பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியபடி. அதுதான் இஎம்எம்சி, லேப்டொப்பின் சேமிப்பு இடம் முழுதும் அந்தச் சில்லுதான். "இதைக் கழற்றி மாற்ற ஏலாது மிஸ்." சொன்னது அதே தம்பிதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஸ்குரூவைப் பார்த்தார்.

பிறகு செய்தவற்றில் உருப்படியானது மூன்று. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் பழைய விண்டோஸை 10 நாள் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதற்கு. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப் என்ற துப்புரவுக் கருவியில் "சிஸ்டம் ஃபைல்ஸ்" பொத்தானையும் அழுத்தினால்தான் அது கண்ணில் படும். எனக்கு அதில் மட்டும் பத்து ஜிபிக்கு மேல் கிடைத்தது. திறந்திருப்பவற்றை டிரைவில் எழுதி வைத்துவிட்டு அணையும் ஹைபர்நேற்றை நிறுத்தினேன். ஒன்றரை ஜிபி மிச்சம், ஆனால் லேப்டொப் எழும்ப முந்தியதைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. மூன்றாவது ஒரு மெமரி கார்ட். நேரே அதிலேயே பதிவு செய்யப் பார்த்தேன், இரண்டு தரம் சொதப்பியது. இப்போது சி டிரைவில் பதிந்து, மாறிய பிறகு கார்டுக்குத் தள்ளுகிறேன்.

138 பஸ்காரன்:

ரீச்சர், என்னுடையதும் 64தான், ஆனால் உள்ளே எம்.2 எஸ்எஸ்டி (மெல்லிய பட்டை மாதிரியான சேமிப்பு டிரைவ்) போட ஒரு வெற்று இடம் இருந்தது. சந்தோசத்தில் அன்றைக்கே புறக்கோட்டைக்குப் போய் ஒன்று வாங்கினேன். மஹரகம வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தால் நீளம் கூட! வாங்கியது 80 மில்லிமீற்றர், இடமிருந்தது 42க்கு. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டு, வெளியில் கொழுவித்தான் பாவிக்கிறேன். வாங்க முதல் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள், அந்த இடம் எடுப்பது சாட்டாவா என்விஎம்இயா (எஸ்எஸ்டியில் இரண்டு வகை) என்றும் பாருங்கள். கடையில் கேட்டால் எல்லாம் "சரி வரும்" தான்.

கொட்டாஞ்சேனை:

64ஐ வைத்துக்கொண்டு அழுகிறீர்களா? நான் 32. விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு இடமில்லை, வெளியிலிருந்து டிரைவ் ஒன்று கொழுவு என்று அதுவே கேட்டது. 16 ஜிபி பென் டிரைவைக் குத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். தம்பி பாட்டுக் கொப்பி பண்ண அதைப் பிடுங்கிவிட்டான். திரும்ப முதலிலிருந்து, ஒரு இரவு முழுக்க.

2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவும் நின்றது. 11 இதில் ஏறவே ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக லுபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டேன். அதுவும் கடிதம் அடிக்கும் லிப்ரே ஒஃபிஸும் ஏறிய பிறகும் பாதிக்கு மேல் காலி. பயந்தது ஒன்றுக்குத்தான்: அப்பாவின் சங்கக் கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வாசிக்க முடியாது. எழுத்துருவைக் கொப்பி பண்ணிப் போட்டதும் அப்படியே திறந்தன. அப்பாவுக்கு மாற்றம் தெரியவே இல்லை, "சுவர்ப்படம் ஏன் மாறியது?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளவத்தை ரீச்சர்:

138 தம்பி, கடையில் திறந்தபோது நான் அந்தச் சில்லை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்தில் வெற்று இடம் இருந்ததா என்று கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிறு வகுப்பு முடியத் திறந்து பார்க்கப் போகிறேன். மகனின் ஜியோமெற்றிப் பெட்டியிலிருந்து அடிமட்டம் எடுத்து வைத்தாயிற்று.