வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை: வால்வை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். அடுக்குமாடியின் கடைசித் தளத்தில், மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். முன்புறக் கதவுள்ள எங்கள் வாஷிங் மெஷினை இயக்கினால் கதவு பூட்டிக்கொள்கிறது, மெல்லிய உறுமலும் கேட்கிறது. ஆனால் தண்ணீர் ஏறாமல் சற்று நேரத்தில் பிழைக்குறி காட்டி நின்றுவிடுகிறது. காலையில் தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டும் மெதுவாக நிரம்புகிறது. பழுதுபார்க்க வந்தவர் வால்வை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
உறுமல் கேட்பதால் வால்வுக்கு மின்சாரம் வருகிறது என்றே கொள்ளலாம். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்புறத்தில் ஹோஸைத் திருகிக் கழற்றினால் வால்வின் வாயில் ஒரு சிறிய சல்லடை தெரியும். போர்வெல் தண்ணீரின் மணலும் உப்பும் அதைத்தான் முதலில் அடைக்கும். இடுக்கியால் மெல்ல இழுத்தெடுத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு இறுகியிருந்தால் வினிகரில் ஊறவையுங்கள். சல்லடையை மாட்டாமல் மட்டும் ஓட்டாதீர்கள். மணல் வால்வுக்குள் சிக்கி அது முழுதாக மூடாமல் போனால், மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சல்லடையில் கொஞ்சம் மணல் இருந்தது, கழுவி மாட்டினேன். காலையில் முன்பைவிட நன்றாக நிரம்புகிறது. மாலையில் பழைய நிலைதான்.

பதில் 2:
அப்படியானால் குறை மெஷினில் இல்லை, தண்ணீரின் அழுத்தத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல மெஷின்களின் கையேடுகள் குறைந்தது 0.3 பார், அதாவது 3 மீட்டர் உயரம் கேட்கின்றன. உங்கள் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கூரை 3 மீட்டர், மெஷினில் ஹோஸ் சேரும் இடம் தரையிலிருந்து 0.8 மீட்டர், தொட்டி நேரடியாகத் தளத்தின்மேல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தொட்டியில் 1 மீட்டர் தண்ணீர் இருக்கும்போது 3.2 மீட்டர் கிடைக்கும், பாதியானால் 2.7 மீட்டர்தான். வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டைத் தூக்குவது பெரும்பாலும் தண்ணீரின் அழுத்தமே என்பதால், அதே வகைப் புது வால்வும் மாலையில் இப்படியே உறுமிக்கொண்டு நிற்கும்.

தொட்டியை 1 மீட்டர் உயர்த்தி வைப்பதே நிலையான தீர்வு என்பது என் கருத்து. 1000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன் என்பதால், மேடையின் பாரம் தூண்கள், உத்திரங்கள் மீது இறங்குமாறு பொறியாளரிடம் கேட்டுக் கட்டுங்கள். தொட்டி எல்லா வீடுகளுக்கும் பொதுவானது என்றால், உங்கள் வீட்டுக்கு இறங்கும் குழாயில் மட்டும் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைப் பொருத்தலாம்.