நடுக்களத்தில் புதிய பையனுக்காக யாரைப் பெஞ்சில் அமர்த்துவது? நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

புதிய பையனை நம் கால்பந்து அணியின் முதல் பதினொருவரில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும் என்று மூன்று வாரங்களாக வாதாடியவர்களில் நானும் ஒருவன். வழக்கமாக இடப்பக்கம் ஆடுபவர் காயம் ஆறித் திரும்பியதும் நடுக்களத்தின் மூன்று இடங்களுக்கு நான்கு பேர் என்றாகிவிடும். அப்போது நடுக்களத்தில் தற்காப்பைக் கவனிக்கும் ஆறாம் எண் ஜெர்சிக்காரர்தான் வெளியே உட்கார வேண்டும், முப்பத்து மூன்று வயதில் அவர் பந்தைப் பக்கவாட்டில் தட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தேன். சென்ற சனிக்கிழமை மைதானத்துக்கே போய், கோலுக்குப் பின்னால் மேல்தளத்தில் அமர்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்த வாதத்தில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

பையனின் திறமையைப் பற்றிய பாதி அப்படியே நிற்கிறது. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் நேரத்தில், எட்டுப் பேர் வட்டமாக நிற்க, நடுவில் இருவர் பந்தைப் பறிக்க முயலும் ரோன்டோ நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வந்த பந்தை நிறுத்தினார்கள், தலையை உயர்த்திப் பார்த்தார்கள், பிறகு தட்டினார்கள். பையனோ பந்து புறப்படுவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அருகில் இருக்கும் காலை விட்டுவிட்டுத் தள்ளியிருக்கும் காலால் வாங்குகிறான். வாங்கும்போதே உடல் பாதி திரும்பியிருக்கிறது. தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இந்த வேலை நம் கண்ணில் படுவதேயில்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது இந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத்தான். அவர் உற்றுக் கவனித்த வீரர்களில், பந்து வருமுன் சுற்றிலும் பார்ப்பதில் ஸ்பெயின் நடுக்கள வீரர் ஷாவி முன்வரிசையில் இருந்தவர். பையனை ஷாவியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பழக்கம் ஒன்று என்று மட்டுமே சொல்கிறேன்.

ஆட்டத்தில் 61ஆவது நிமிடத்தில் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. நம் இடது ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பு வீரர்) மேலே ஏறிப் பந்தை எதிரணிக் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் தூக்கிப் போட்டார். எதிரணி அதைத் தலையால் வெளியே தள்ளியது. அவர்களுடைய வலது ஓரத்தில் தாக்கும் விங்கருக்கு முன்னால் ஏறக்குறைய முப்பது மீட்டர் வெற்றிடம் திறந்து கிடந்தது. அந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தவன் பையன். அவன் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி அந்த வெற்றிடத்தைச் சுட்டிக் காட்டினான். நடுக்களத்தின் மற்றொருவரான எட்டாம் எண்காரர் வழக்கம்போல எதிரணிப் பெட்டிக்குள் இருந்தார். ஆகவே மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தவர் ஆறாம் எண்காரர்தான். கடைசி அடியில் விங்கரின் ஜெர்சியை இழுத்து மஞ்சள் அட்டை வாங்கினார். என்னைச் சுற்றியிருந்தவர்கள் அவரைக் கூச்சலிட்டு ஏசினார்கள். நானும் ஏசினேன். அடுத்த அரை மணி நேரம் பந்தை விட்டுவிட்டு அவர்கள் இருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இதே காட்சி மேலும் மூன்று முறை நடந்ததைக் கண்டேன். ஆறாம் எண்காரரை எடுத்துவிட்டால் அந்த நான்கு முறையும் யார் ஓடியிருப்பார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

* * *

நண்பரே, நீங்கள் திரும்பப் பெற்ற பாதியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. கல்லூரி அணியில் இப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் மூன்று ஆண்டுகள் ஆடியவன் நான். ஓடுகிறவன் நான், ஆடுகிறவர் அவர்.

அவர் கொடுக்கும் பாஸிலேயே செய்தி இருக்கும். என் இடப்பக்கமாக எதிரணி ஆள் நெருங்கினால் பந்து என் வலக்காலுக்கு வரும். பின்னால் யாரும் இல்லையென்றால் எனக்கு இரண்டடி முன்னால், மெதுவாக வரும். திரும்பி ஓடு என்று பொருள். காலடியிலேயே அழுத்தமாக வந்தால், அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் ஆண்டு முடிவதற்குள் பந்து வந்த விதத்தை வைத்தே என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். பந்தைப் பறிகொடுப்பது குறைந்துவிட்டது என்று பயிற்சியாளர் என்னைப் பாராட்டினார். பிறகு அந்த நண்பர் கணுக்கால் காயத்தால் ஆறு வாரங்கள் விலகியிருந்தபோது, அந்தப் பாராட்டில் எனக்குரிய பங்கு எவ்வளவு என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே பாதியில் ஏழு முறை பந்தை இழந்தேன்.

அதற்கு ஈடாக என் பக்கத்திலிருந்தும் ஒரு வேலை இருந்தது. அவர் நடுக்கோட்டைத் தாண்டினால் நான் தாண்டக் கூடாது. ஃபுல்பேக் ஏறினால் அவர் விட்டுப்போன இடத்தில் நான் நிற்க வேண்டும். இந்த ஒப்பந்தம் எங்களுக்குள் வாய்ச்சொல்லாகவே இருந்தது. மூன்றாவது நடுக்கள வீரரும் அதற்கு உடன்பட்டவராக இருந்தவரை எல்லாம் நன்றாக நடந்தது. கோல் அடிக்கும் ஆசை அவருக்கு வந்த ஆண்டில் நான் ஒருவனே இரண்டு பேருக்கு ஓடி, அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றேன்.

ஆகவே நான் அமர்த்தச் சொல்வது எட்டாம் எண்காரரை. அவர் கோல் அடிப்பவர், எல்லோருக்கும் பிடித்தவர், அதனாலேயே இந்த விவாதத்தில் அவர் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. இத்தாலியின் பிர்லோவுக்குப் பக்கத்தில் அவருக்காக ஓடும் கட்டுஸோ இருந்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பிர்லோவே முதலில் ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆடியவர் என்பதையும், 2001இல் பிரெஷியா அணியில் அந்த இடத்தில் ரொபெர்த்தோ பாஜியோ இருந்ததால் பயிற்சியாளர் மட்ஸோனே அவரைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார் என்பதையும் சொல்பவர்கள் குறைவு. இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டால் ஒருவரை நகர்த்தித்தான் ஆக வேண்டும். நம் அணியில் பையனும் எட்டாம் எண்காரரும் ஒரே இடத்துக்குத்தான் ஆசைப்படுகிறார்கள்.

* * *

எட்டாம் எண்காரரை அமர்த்தலாம் என்கிறீர்கள். நம் பயிற்சியாளர் அதைச் செய்யமாட்டார். ஒரு கோல் முன்னிலை வந்ததும் முதலில் வெளியே அழைக்கப்படுபவன் பையனாகத்தான் இருப்பான். அதைப் பார்த்து நாமும் கைதட்டுவோம். எனக்கு அந்தக் கைதட்டலில் அனுபவம் இருக்கிறது.

2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் பெர்லினில் ஜெர்மனிக்கு எதிராக அர்ஜென்டினா 1-0 என முன்னிலையில் இருந்தது. அந்தக் கோலே, பந்தை வைத்து ஆட்டத்தை நடத்தும் ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா தலையால் முட்டியதில் வந்தது. 72ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் பெக்கெர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்துவிட்டு கம்பியாஸோவை அனுப்பினார். ரிக்கெல்மே களைத்துவிட்டார், ஓடமாட்டார், இப்போது தேவை பந்தைப் பறிக்கும் ஆள் என்று, தொலைக்காட்சிக்கு முன் என்னுடன் இருந்த நான்கு பேருக்கும் நான்தான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்லி எட்டு நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை, க்ளோஸே சமன் செய்தார். பெனால்டிகளில் அர்ஜென்டினா வெளியேறியது. பத்தொன்பது வயது மெஸ்ஸி அந்த இரவு பெஞ்சை விட்டு எழவேயில்லை. பந்தைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு மற்ற பத்துப் பேருக்கும் மூச்சுவிட நேரம் கொடுப்பவரும் ஒருவகையில் தற்காப்புதான் செய்கிறார் என்பது எனக்கு அந்த எட்டு நிமிடங்களில் புரிந்தது. சென்ற சனிக்கிழமை பையன் ஓடாத நான்கு முறைகளை எண்ணிய நண்பர், அவன் பந்தை விடாமல் வைத்திருந்த முறைகளையும் எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கலாம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. 2016இன் தொடக்கத்தில் ஸிதான் ரியால் மாட்ரிட் அணியின் பொறுப்பை ஏற்றபோது, க்ரோஸ், மோட்ரிச் ஆகியோருடன் இஸ்கோ அல்லது ஹாமெஸ் என்று நடுக்களம் முழுவதையும் அழகாக ஆடுபவர்களைக் கொண்டே நிரப்பினார். பிப்ரவரி இறுதியில் அத்லெதிகோவிடம் 0-1 எனத் தோற்ற பிறகு, பந்தைப் பறிக்கும் கஸெமிரோ உள்ளே வந்தார். 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் வந்தபோது நடுக்களத்தில் இருந்தவர்கள் கஸெமிரோவும் க்ரோஸும் மோட்ரிச்சும்தான்.

* * *

அந்தச் சுட்டிக்காட்டும் கையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பையன் இளையோர் அணியில் ஆடிய காலத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு நான் பக்கக்கோட்டு நடுவராக நின்றிருக்கிறேன். கொடியுடன் கோட்டோரம் ஓடுபவனுக்கு மேல்தளத்தில் இருப்பவருக்குக் கேட்காததெல்லாம் கேட்கும். அவன் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டேயிருப்பான். ‘பின்னால ஆள்’, ‘திரும்பு’, ‘நில்லு, நில்லு’ என்று தன்னைவிட ஒரு தலை உயரமான பையன்களை ஏவிக்கொண்டேயிருப்பான். அவன் கை காட்டிய இடத்துக்கு இரண்டு பேர் ஓடுவார்கள். அந்த அணிக்கு அவன்தான் கேப்டன். ஆகவே சனிக்கிழமை அவன் கை நீட்டியதில் எனக்குச் சோம்பல் தெரியவில்லை. பழைய வழக்கம் தெரிந்தது. பெரியவர்களின் அணியில் கை காட்டினால் ஓட யாரும் இல்லை என்பதும், முப்பத்து மூன்று வயதுக்காரரை வாய்விட்டு ஏவ முடியாது என்பதும் அவனுக்கு இப்போதுதான் தெரியவருகிறது போலும். அன்று நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், ஆனாலும் அவன் வாய் அசைந்ததாகவே நினைவில்லை.

மோட்ரிச்சைக்கூட, சிறிய உடல்காரர் என்ற பேச்சு இருந்த காலத்தில், பதினெட்டு வயதில் போஸ்னிய லீக்கில் மோஸ்டார் நகரத்தின் ஸ்ரின்ஸ்கி அணிக்குக் கடனாக அனுப்பினார்கள். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன அந்த லீக்கில் ஒரு பருவம் அடிபட்டு ஆடித்தான் அவர் திரும்பி வந்தார். இவனையும் அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பாவிட்டால் அந்தப் பாடத்தை நம் கண்ணெதிரே, நம் லீக் புள்ளிகளைச் செலவழித்துத்தான் படிப்பான் என்கிறேன். வாரம் இருமுறை ஆடவைத்து அவசரப்படுத்தவும் கூடாது. பார்ஸிலோனாவின் இளம் நடுக்கள வீரர் பெத்ரி 2020-21 பருவத்தில், யூரோவும் ஒலிம்பிக்கும் சேர்த்து, எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்; அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைத் தொடைக் காயம் தின்றுவிட்டது.

* * *

தொடக்கத்தில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். நேற்றைய ஆட்டத்துக்கு, நடுவரின் குறிப்பை மனதில் வைத்துக்கொண்டு, இம்முறை பக்கக்கோட்டுக்கு அருகில் கீழ்வரிசையில் இடம் வாங்கினேன்.

பயிற்சியாளர் எட்டாம் எண்காரரை அமர்த்தவில்லை; காயத்திலிருந்து திரும்பியவரையும் சேர்த்துப் பழைய மூவரையே இறக்கினார். பையன் 58ஆவது நிமிடத்தில், திரும்பியவருக்குப் பதிலாக வந்தான். வந்தவுடன் ஆறாம் எண்காரர் அவனருகே போய், பந்து வெளியே இருந்த அரை நிமிடத்தில், இடது ஃபுல்பேக்கைக் காட்டி ஏதோ சொன்னார், அவன் தலையசைத்தான். அதன் பிறகு ஃபுல்பேக் ஏறிய முதல் மூன்று முறையும் பையன் அந்த இடத்தில் போய் நின்றான். இரண்டாவது முறை விங்கரைத் தடுக்கப் போய்த் தடுமாறித் தானே விழுந்தான், ஆனால் அதற்குள் சென்டர்பேக் வந்துவிட்டார். நான்காவது முறை பந்து அவன் காலுக்கு அரையடி தூரத்தில் தெறித்து விழ, ஆசையில் மேலே போய்விட்டான். அந்த வழியாகத்தான் எதிரணியின் கோல் வந்தது.

பத்து நிமிடங்களுக்குப் பிறகு சமன் செய்த கோலுக்கு அவன் கொடுத்த பாஸைத்தான் இன்று எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கு இடையில், எட்டாம் எண்காரரின் வலக்காலுக்கு, அவர் வேகம் குறையாமல் அடிக்கும்படி வந்த பந்து அது. கல்லூரி அணி நண்பர் சொன்ன அந்தச் செய்தி அதில் எழுதியே இருந்தது. கோலுக்குப் பிறகு எல்லோரும் எட்டாம் எண்காரரின் மேல் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஆறாம் எண்காரர் பையனை மட்டும் தனியே பிடித்து மறுபடியும் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இம்முறை பையனும் ஏதோ பதில் சொன்னான். நான் கோட்டோரமாகவே இருந்தும் அரங்கின் இரைச்சலில் அது காதில் விழவில்லை.

சனிக்கிழமைக்கான பதினொருவரில் யார் இருப்பார் என்பதில் கல்லூரி அணி நண்பருடன் சேர்ந்துகொள்கிறேன்: ஆறாம் எண்காரரும் பையனும் தொடக்கத்திலிருந்தே, அவர்களுடன் காயம் ஆறித் திரும்பியவர். எட்டாம் எண்காரர் அறுபதாவது நிமிடத்தில் வரட்டும். கோல் அடித்த மறுநாளே அவரை அமர்த்தச் சொல்கிறேன் என்று ஏசுபவர்கள் ஏசலாம்.