காஜிமார் தெரு வீடு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

(பெயர்கள் என் கைபேசியில் இருக்கிறபடி. நன்னா, நன்னி என்பது தாத்தா, பாட்டி; இறந்தவர் நன்னா. சாச்சா என் அத்தாவின் தம்பி, குப்பிகள் அத்தாவின் சகோதரிகள்; அத்தா நன்னாவுக்கு முன்பே இறந்துவிட்டார். வாத்தியார் மாமு பெரிய குப்பியின் கணவர், சென்னை தங்கச்சி சின்ன குப்பியின் மகள். தோப்பைப் பார்த்துக்கொள்வது நான்.)

வாத்தியார் மாமு (காலை 9:10): அஸ்ஸலாமு அலைக்கும். மாமனார் மவ்த்தாகி நாற்பது நாள் நிறைகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்னிலையில் வீட்டையும் தோப்பையும் பற்றிப் பேச உட்காருகிறோம். சொத்துச் சமாச்சாரம் என்பதால் குரல் பதிவு வேண்டாம். அவரவர் கருத்தை முழு வாக்கியமாக, பிழையில்லாமல் எழுதவும்.

சின்ன குப்பி: ஓய்வு பெற்றும் மச்சான் பிரம்பைக் கீழே வைக்கவில்லை.

சாச்சா: நாற்பதாம் நாள் என்று எதற்கு? மார்க்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்று பத்து வருடமாகச் சொல்கிறேன்.

பெரிய குப்பி: பத்து வருடமும் நெய்ச்சோறும் தால்சாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாய், தம்பி.

சென்னை தங்கச்சி: பெரியத்தா, கணக்கை நான் எழுதுகிறேன். அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர் (மணக்கொடை) ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதை 32 பங்காக வைத்தால், நன்னிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4. மீதி 28-இல் மகனான மாமுவுக்கு (சாச்சா) 14, மகள்களான பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் (இரண்டு குப்பிகள்) தலா 7. பெரிய மாமு நன்னாவுக்கு முன்பே இறந்துவிட்டதாலும், இன்னொரு மகன் உயிரோடு இருப்பதாலும், அவர் பிள்ளைகளான மச்சானுக்கும் (என்னைத்தான் சொல்கிறாள்) தங்கைக்கும் வாரிசுப் பங்கு வராது.

அம்மா: தெரிந்ததுதான்.

துபாய் மச்சான்: நன்னியின் மஹர் எவ்வளவு?

பெரிய குப்பி: நூற்றியொரு ரூபாய். அதையும் அத்தா திரும்பக் கைமாற்றாக வாங்கிக்கொண்டார் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

சாச்சா: 1937 ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் சேராது என்று ஒரு வக்கீலே சொன்னார். ஆகவே தோப்பு ஆண்பிள்ளைக்குத்தான்.

சென்னை தங்கச்சி: 1937-இல் அப்படித்தான் இருந்தது, மாமு. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் அதற்குள் சேர்த்துவிட்டது. சோழவந்தான் தோப்புக்கும் காஜிமார் தெரு வீட்டுக்கும் ஒரே கணக்குத்தான்.

பெரிய குப்பி: அந்த வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தாய்?

துபாய் மச்சான்: அத்தாவை இழந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்பது மாற்றவே முடியாததா?

சென்னை தங்கச்சி: ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) விதி அதுதான், ஆனால் நாடுகள் அதோடு நின்றுவிடவில்லை. எகிப்து 1946-இல் கட்டாய வசிய்யத் (உயில்) என்று ஏற்படுத்தி, இறந்த பெற்றோருக்கு வந்திருக்கக்கூடிய பங்கை, மூன்றில் ஒன்றுக்கு மிகாமல், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பாகிஸ்தான் 1961-இல் அந்தப் பங்கையே அப்படியே கொடுத்துவிட்டது. அது குர்ஆனுக்குப் பொருந்துமா என்று ஆலிம்களும் ஆய்வாளர்களும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. என் ஆய்வில் நான் கேட்பது வேறு: ஷரீஅத் ஏற்கெனவே அனுமதித்திருக்கும் வசிய்யத்தை நாம் ஏன் எழுதுவதில்லை? பேரன் வாரிசாக வராததால், மூன்றில் ஒன்று வரை நன்னா யாரையும் கேட்காமல் அவருக்கு எழுதியிருக்கலாம்; வாயால் சொல்லியிருந்தாலும் செல்லும்.

அம்மா: உயிரோடு இருப்பவரிடம் போய் வசிய்யத் எழுதுங்கள் என்று மருமகள் எப்படிக் கேட்பாள்?

(பன்னிரண்டு நிமிடம் யாரும் எழுதவில்லை.)

துபாய் மச்சான்: தோப்பைக் குடும்ப வக்ஃப் (அறக்கட்டளை) ஆக்கிவிட்டால் என்ன?

சென்னை தங்கச்சி: 2025 திருத்தச் சட்டப்படி, இனிப் பத்திரம் இல்லாமல் வக்ஃப் ஏற்படுத்த முடியாது, குடும்ப வக்ஃபால் பெண்கள் உட்பட எந்த வாரிசின் உரிமையும் போகக் கூடாது. உச்ச நீதிமன்றம் 15.9.2025 அன்று சில பிரிவுகளுக்குத் தடை விதித்தது, இவற்றுக்கு விதிக்கவில்லை.

சின்ன குப்பி: வக்ஃப் எதற்கு? மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்து, இனி இது உன்னுடையது என்று அத்தா இவனிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அது ஹிபா (நன்கொடை) ஆகாதா?

சென்னை தங்கச்சி: ஆகலாம். கொடுத்தேன் என்ற சொல், ஏற்பு, பொருள் கைமாறுவது ஆகிய மூன்றும் வேண்டும். இவை இருந்தால் வாய்மொழி ஹிபாவே போதும், பதிவு கட்டாயமில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தோப்பு வருமானம் யார் கையில் இருந்தது?

நான்: ஒவ்வொரு வெட்டுக்கும் தேங்காய்க் காசை நன்னா கையில்தான் கொடுத்தேன். எச்சில் தொட்டு எண்ணி, உரத்துக்கும் வெட்டுக்கூலிக்கும் பிரித்துத் தருவார்.

சின்ன குப்பி: பைத்தியக்காரா, அதை எதற்கு இங்கே எழுதினாய்?

வாத்தியார் மாமு: அழிக்க வேண்டாம். இருக்கட்டும்.

சென்னை தங்கச்சி: அப்படியானால் ஹிபா நிற்பது சந்தேகம். ஆனால் வாரிசுகள் தத்தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க எந்தத் தடையும் இல்லை. குர்ஆனின் சூரா நிஸாவில் பங்குகளைச் சொல்லும் 11-ஆம் வசனத்தைத்தான் எல்லோரும் ஓதிக் காட்டுகிறோம். பங்கு பிரிக்குமிடத்தில் உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்பது 8-ஆம் வசனம்.

பெரிய குப்பி: என் 7-இல் 2 தருகிறேன்.

சின்ன குப்பி: அக்கா தந்தால் நானும். அண்ணன் படித்துவிட்டார், நீலக் குறி தெரிகிறது.

சாச்சா (பகல் 11:52): சாவி இப்போதைக்கு அவனிடமே இருக்கட்டும். அடுத்த வெட்டுக் காசை எங்கள் அம்மா கையில் கொடுக்கட்டும். மற்றதை வெள்ளிக்கிழமை பேசலாம்.

பெரிய குப்பி: வெள்ளிக்கிழமை மேலூரில் நிக்காஹ் இருக்கிறது என்று போன வாரமே சொன்னேன். சனிக்கிழமை வைக்கக் கூடாதா?