மறு: "உப்பல்" வேண்டாம், "நிரல்வீக்கம்" இருக்கட்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் பயனில்லாமல் பெருத்துப்போவதை ஆங்கிலத்தில் software bloat என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகையில் இப்படி ஒரு கருத்து வந்தது:

> வீக்கம் நோயைக் குறிக்கும் சொல். மென்பொருளுக்கு உப்பல் போதும்.

போதாது என்பது என் கருத்து. பூரி உப்பினால் நமக்கு மகிழ்ச்சிதானே? உப்பலில் குறை தொனிக்கவே இல்லை. பொருமல் இன்னும் நெருங்கி வருகிறது, ஆனால் மனப்பொருமலும் கூடவே வந்துவிடும். வீக்கம் நோய்க்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. விரலுக்கேற்ற வீக்கம் என்று அளவைச் சுட்டவும் அதைத்தானே வைத்திருக்கிறோம்.

ஆகவே நான் முன்வைப்பது நிரல்வீக்கம். பணவீக்கத்தை ஒட்டிய ஆக்கம். அங்கே பண்டம் கூடாமல் பணம் கூடுகிறது. இங்கே பயன் கூடாமல் நிரல் கூடுகிறது. நாளிதழ் படிக்கும் யாருக்கும் விளக்கவுரை இல்லாமலே புரியும்.

பெரிதாவதெல்லாம் வீக்கம் ஆகாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனி (kernel) 1991-இல் ஏறத்தாழ 10,000 வரி. 2025 தொடக்கத்தில் 4 கோடியை எட்டிவிட்டது. மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் வன்பொருள் இயக்கிகள் (drivers), அதாவது கருவிகளை இயக்கும் நிரல்கள். நேற்றிரவு என் மடிக்கணினியில் நினைவகத்தில் ஏறியுள்ள கருனிக் கூறுகளைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் (lsmod) கட்டளை கொடுத்துப் பார்த்தேன். வைஃபை, ஒலி, தொடுபலகை என்று இந்தப் பெட்டிக்கு வேண்டியவைதான் நினைவகத்தில் ஏறியிருந்தன. மற்றவை வட்டில் உறங்குகின்றன. வேறு யாருடைய கருவியோ அவற்றை நம்பி ஓடுகிறது. இதைப் பெருக்கம் என்போம்.

விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்ச நினைவகம் 4 எம்பி. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. 1024 மடங்கு! பாதுகாப்பு, திரைத்தெளிவு, பன்மொழி வசதி (நம் தமிழ் ஒருங்குறியில் ஒழுங்காகத் தெரிவதும் இதில் அடக்கம்) எல்லாம் கழித்தபின் மிஞ்சுகிறதே, அதுதான் நிரல்வீக்கம்.

complexity என்பதற்கு வழங்கும் சிக்கல்தன்மை என்ற சொல் பற்றி ஒன்று. சிக்கல் தானாக விழுவது, அவிழ்க்க வேண்டியது. இயங்குதளத்தின் கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதோ தெரிந்தே போட்ட பின்னல். ஓர் இழையைத் தொட்டால் எங்கோ இழுக்கும். பின்னல்தன்மை எப்படி? இதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

நிரல்வீக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2024-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் பிளஸ் என்ற செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு 16 ஜிபி நினைவகம் அடிப்படைத் தேவை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இயங்குதளத்துக்குள்ளேயே குடியேறுகின்றன. அது பெருக்கமா, வீக்கமா என்ற வாதம் தமிழிலும் நடக்க வேண்டும். "நிரல் வீங்கிவிட்டது", "வீங்கிய இயங்குதளம்" என்று வினையாகவும் அடையாகவும் இந்தச் சொல் தடையில்லாமல் ஓடுகிறது. மாற்றுச்சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; பட்டியலில் ஏற்றுமுன் சேர்த்துப் பார்த்துவிடலாம்.