சூப்பர்ரேடியன்ஸ்: மீயொளிர்வா, ஒருங்குமிழ்வா?

அனைவருக்கும் வணக்கம்.

பல அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து சட்டென்று ஒளியை உமிழ்வதைச் சூப்பர்ரேடியன்ஸ் (superradiance) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் குழுவில் நடக்கும் பேச்சு. அண்ணன் முன்வைத்த "மீயொளிர்வு", மீகடத்தி (சூப்பர்கண்டக்டர்), மீப்பாய்மம் (சூப்பர்ஃப்ளூயிட்) வரிசையில் அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் சூப்பர்நோவாவை ஏற்கெனவே மீயொளிர் விண்மீன் என்கிறோம். தவிர, "மீ" மிகுதியைச் சொல்கிறதே ஒழிய, மிகுதி எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

1954-இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி காட்டியது அதைத்தான். கிளர்வுற்ற (ஆற்றல் ஏறிய) அணுக்கள் தாம் உமிழும் ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமாக இருந்தால், எந்த அணு ஒளியை விட்டது என்று பிரித்தறிய வழியில்லை, சேர்ந்தே உமிழும். நூறு அணுக்கள் தனித்தனியே உமிழ்ந்தால் ஓரணுவைப் போல நூறு மடங்கு வேகம். சேர்ந்து உமிழ்ந்தால், பாதி அணுக்கள் ஆற்றலை விட்டுக் கீழ்நிலைக்கு இறங்கிய கணத்தில் 2,550 மடங்கு வரை ஏறும். மெதுவாகத் தொடங்கி, சட்டென்று கொட்டித் தீர்த்துவிடும். 1973-இல் இதை முதலில் கண்டது ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவில்தான். இருந்தாலும் மிகமிகக் குளிர்வித்த அணுக்களில் ஓட்டம் குறைவு என்பதால், சேர்ந்து உமிழும் தாளம் அங்கே எளிதில் கலையாது.

எங்கள் தெருவில் நூறு விசைத்தறி ஓடினாலும் ஒவ்வொன்றும் தன்போக்கில் தடதடக்கும். வள்ளிக் கும்மியில் நூறு பேர் கை தட்டினாலும் கேட்பது ஒரே தட்டு. (கும்மிக்கு வாத்தியார் உண்டு. அணுக்களுக்கு யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை, முதல் ஃபோட்டான் (ஒளித்துகள்) தானாகவே கிளம்புகிறது. உவமை அங்கே நொண்டுகிறது.)

ஊர்ப் பேச்சில் இது "ஒட்டுக்கா", அதாவது ஒன்றாக, உமிழ்வது. அதனால் முதலில் "ஒட்டுமிழ்வு" என்று எழுதினேன். பசை விளம்பரமா என்று வீட்டில் கேட்டார்கள். சரி, ஒட்டு வேண்டாம். ஒருங்கே உமிழ்வதால் "ஒருங்குமிழ்வு".

குழுவில் அம்மணி சொன்ன "கூட்டுமிழ்வு" நல்ல சொல்தான், ஆனால் அது பொதுப்பெயராக இருக்கட்டும். ஏனென்றால் இதற்கு நேரெதிரான சப்ரேடியன்ஸும் (subradiance) கூட்டாக நடப்பதே. அங்கே அணுக்களின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒளி வெளியேறாமல் நெடுநேரம் தங்கிவிடுகிறது. 2016-இல் பிரான்சில் நீஸ் நகருக்கு அருகே குளிர்ந்த ரூபிடியம் அணுத்திரளில் அதை அளந்தார்கள். "கீழொளிர்வு" என்றால் வெறும் மங்கல் என்று படும். "அடங்குமிழ்வு" எனலாமா?

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் "ஒருங்-குமிழ்வு" என்று பிரித்துப் படித்து, நீர்க்குமிழியா சார் என்றான். பாடத்தில் முதல்முறை வரும்போது "ஒருங்கு உமிழ்வு" என்று பிரித்தே எழுதிவிடலாம் என்பது என் யோசனை.