விதியை எழுதிவிட்டுப் படம் எடுப்பது: தோட்டத்துப் பிள்ளைகளோடு எப்படித் தொடங்கலாம்?

சிப்புட்_ஜன்னல் எழுதியது:

வணக்கம். நான் பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் படிவம் 3, 4 படிக்கிற பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் புகைப்படம் சொல்லிக் கொடுக்கிறேன். கேமரா யாரிடமும் கிடையாது, எல்லாம் கைப்பேசிதான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டார்கள். ஆனால் வாராவாரம் எடுத்துக்கொண்டு வருவதெல்லாம் ஒரே மாதிரி: செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) பின்னால் இறங்கும் சூரியன், கோபுரம், தீமிதித் திருவிழாவின் பூக்குழி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குடியிருக்கும் லயத்தையோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பூட்டிக் கிடக்கும் ரப்பர் பால் ஸ்டோரையோ, பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் முச்சந்தியையோ ஒருவர்கூட எடுப்பதில்லை. "அங்க என்ன சார் இருக்கு?" என்கிறார்கள்.

இதற்கு வழி தேடும்போதுதான் கான்செப்சுவல் ஆர்ட், அதாவது செய்த பொருளைவிட எண்ணத்தையே முக்கியமாகக் கொள்ளும் கருத்துக்கலை பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குறிப்பாக, கலைஞர் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைப்பது, அதை அவரோ வேறு யாரோ செய்து முடிப்பது என்ற வகை. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1962இல் டோக்கியோவின் சோகெட்சு கலை மையத்தில் ஓவியங்களுக்குப் பதிலாக அவற்றைச் செய்வதற்கான குறிப்புகளை மட்டுமே தாளில் எழுதி மாட்டியிருக்கிறார். 1964இல் அப்படிப்பட்ட குறிப்புகளைத் திரட்டி 'கிரேப்ஃப்ரூட்' என்று 500 பிரதிகள் அச்சிட்டார். இந்த முறையைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகளுடைய கண் பழகிய தடத்தை விட்டு வெளியே வரும் என்று நம்புகிறேன்.

விதியை எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய குழப்பம். அப்புறம், படங்களை மாட்டும்போது விதியையும் பக்கத்தில் மாட்டணுமா? நான் எழுதி அவர்கள் எடுத்தால் படம் யாருடையது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ_ரோல்36 எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்கிறீர்கள். நான் பிலிம் காலத்து ஆள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விதி என்பது எடுப்பவரின் கையிலிருந்து தேர்வைப் பிடுங்கணும். "தோட்டத்தின் தனிமையைப் படம் எடு" என்று எழுதினீர்கள் என்றால் அது விதி இல்லை, கட்டுரைத் தலைப்பு. பிள்ளைகள் மறுபடியும் சூரியனிடம்தான் போவார்கள். எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது, எப்போது நிறுத்துவது, இந்த மூன்றையும் விதியே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெசாரி 1973இல் செய்ததைப் பாருங்கள். மூன்று பந்துகளை மேலே எறிந்து அவை ஆகாயத்தில் நேர்கோடாக நிற்கும்படி படம் எடுக்க முயல்வது, மொத்தம் 36 முயற்சி, அதில் தேறியவற்றை வெளியிடுவது. நீல வானத்தில் ஆரஞ்சுப் பந்துகள், அவ்வளவுதான். ஏன் 36? ஒரு 35 மி.மீ. ரோலில் 36 படம் என்பதால். கருவியே முடிவைச் சொல்லிவிட்டது! நேர்கோடு கிட்டத்தட்ட வரவே வராது, அவர் கவனம் முழுக்க அந்தக் கோட்டில் இருந்ததால் படத்தின் மற்ற அழகெல்லாம் அவர் திட்டமிடாமலே வந்து சேர்ந்தது.

இன்னொன்று, வீட்டோ அக்கோன்சி என்ற கலைஞர் 1969இல் நியூயார்க் தெரு ஒன்றில் செய்தது. கேமராவை முன்னால் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நேராக நடக்க வேண்டும், கண் இமைக்காமல் இருக்கப் பார்க்க வேண்டும், இமைத்துவிட்டால் அந்த நொடியில் ஒரு படம். அதாவது அவர் கண் பார்க்காமல் விட்டதை எல்லாம் கேமரா எடுத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், செய்யக் கைப்பேசி போதும்.

உங்கள் ஊருக்கு இப்படி எழுதலாம்: பள்ளி வாசலிலிருந்து பெரிய சாலை வரை நட. ஒரு வாகனம் உன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நில், இடப்பக்கம் திரும்பு, நெஞ்சு உயரத்தில் வைத்து ஒரு படம் எடு. நகர்ந்து சரிசெய்யாதே, ஜூம் வேண்டாம், எடுத்ததை அழிக்காதே. 36 ஆனதும் நிறுத்து. அப்போது சாக்கடை வரும், வேலிக் கம்பியில் காயும் சட்டை வரும், லயத்தின் பின்பக்கக் குழாயடி வரும். அங்கே என்ன இருக்கு என்று கேட்டார்கள் இல்லையா, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ரப்பர் மரம் இன்னும் நிற்கிற இடம் பக்கத்தில் இருந்தால் ஒரு நிரையை முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை எடுக்கச் சொல்லுங்கள், வெட்டுப்பட்டை கண்ணுக்கு நேராக, ஒரு முழம் தள்ளி நின்று, எல்லாம் ஒரே தூரம். கோடு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழே சரிவாக இறங்கும், ஒட்டுப்பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். கத்தி ஆழமாகப் போன இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக மேடு கட்டியிருக்கும். ஒரு படமாகப் பார்த்தால் வெறும் மரம்தான், வரிசையாக வைத்தால் அந்த நிரையை வெட்டியவரின் கை தெரியும், எங்கே நிதானமாக இருந்தார், எங்கே அவசரப்பட்டார் என்பதுகூட.

குளுவாங்_அக்கா எழுதியது:

மாட்டும்போது விதியையும் கண்டிப்பாக மாட்டுங்கள். விதி இல்லாமல் அந்த 36 படத்தைப் பார்ப்பவர் "பையன் தெரியாமல் எடுத்துவிட்டான்" என்று போய்விடுவார். விதியைப் படித்த பிறகு அதே ஆள் ஒவ்வொரு படத்திலும் வாகனம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தேடுவார்.

யாருடையது என்ற கேள்விக்கு என் பதில். சோல் லெவிட் என்று ஒரு அமெரிக்கக் கலைஞர், 1967இல் கருத்துக்கலை பற்றி அவர் எழுதிய கட்டுரையில், எண்ணமே கலையை உண்டாக்கும் இயந்திரம் ஆகிவிடுகிறது என்று சொன்னார். 1968இலிருந்து சுவர் ஓவியங்களுக்கு விதி எழுத ஆரம்பித்தார், பென்சில் கோடு இப்படி இத்தனை, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு என்று. வரைந்தது பெரும்பாலும் மற்றவர்கள். 2007இல் அவர் இறந்துபோனார், அடுத்த வருடம் அமெரிக்காவில் மாஸ் மோக்கா என்ற அருங்காட்சியகத்தில் அவருடைய 105 சுவர் ஓவியங்களைக் கலைஞர்களும் மாணவர்களும் சேர்ந்து மாதக்கணக்கில் வரைந்து முடித்தார்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்து மறைத்தாலும் ஓவியம் அழிந்ததாகக் கணக்கு இல்லை, விதி இருக்கிறது, திரும்ப வரையலாம்.

நமக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று ஒரு வரி போதும், குளுவாங்கில் நான் போடுவதும் காரைக்குடியில் ஒருத்தி போடுவதும் ஒரே கோலம், ஆனால் என் இழை தடிப்பு, அவளுடையது மெல்லிசு. மறுநாள் கூட்டிவிட்டாலும் கோலம் போகவில்லை. அதனால் பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: விதி எழுதியவருக்கு விதி, படம் எடுத்தவருக்குப் படம். லெவிட்டின் ஓவியங்களிலேயே முதலில் வரைந்தவர்களின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எடுத்த பிள்ளையின் பெயரை எழுதுங்கள், விதிக்குக் கீழ் விதி எழுதியவர் பெயர்.

நிரை_பதினாலு எழுதியது:

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியும் முன்னே பிரட்டு. பெயர் கூப்பிடுவார்கள், எந்த நிரை, எத்தனை மரம், இன்றைக்கு வெட்டா மருந்தடிப்பா, எல்லாம் அங்கேயே சொல்லிவிடுவார்கள், இவர்கள் போய்ச் செய்வார்கள். தோட்டமே அப்படி விதி போட்டு உண்டாக்கியதுதான். செம்பனையைப் பாருங்கள், முக்கோணக் கணக்கில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர், ஒரு ஹெக்டேருக்கு 140 மரம் அளவில். கணக்குப் போட்டவருடைய பெயர் ரிப்போர்ட்டில் இருக்கும். குழி வெட்டிக் கன்று நட்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொருவர் மேலேயிருந்து விதி எழுதிக் கொடுத்து, போய் எடுத்துக்கொண்டு வா, எடுத்ததை மாற்றாதே, அழிக்காதே என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நியூயார்க்கில் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கலாம். நம் இடத்தில் அதற்கு வேறு அர்த்தம்.

அப்புறம் ஆட்களை எடுக்கும் விஷயம். இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர்களில் நிறைய பேர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கைப்பேசியைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், வேலை பெர்மிட் பயம். "எதிரில் வரும் ஒவ்வொருவரையும் எடு" என்று தயவுசெய்து யாரும் விதி எழுத வேண்டாம். டக்ளஸ் ஹியூப்ளர் என்ற கலைஞர் 1971இல் உயிரோடு இருக்கும் எல்லா மனிதரையும் படம் எடுப்பது என்று விதி வைத்துக்கொண்டார் என்று படித்திருக்கிறேன், எண்ணமாகப் பெரியதுதான். நம் பிள்ளை அதை லயத்தில் செய்தால் ஒருவருடைய வேலை போகும்.

சிப்புட்_ஜன்னல் எழுதியது:

அண்ணே, பிரட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. ஒன்று கேட்கிறேன். விதியை நான் எழுதாமல் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்கள் எழுதினால்? பாட்டி சொல்கிறார், பேரன் போய் எடுக்கிறான். இத்தனை வருடம் உத்தரவு கேட்டவர்கள் இப்போது சொல்கிறவர்களாக இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லட்டும், பிள்ளைகள் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்ளட்டும். குளுவாங் அக்கா சொன்ன மாதிரி இரண்டு பெயரும் சுவரில் வரும்.

முகம் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சம்மதம் கேட்காமல் ஒரு முகமும் இல்லை, தோட்டத் தொழிலாளிகள் வேலை செய்யும் நேரத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. இதை எல்லா விதிக்கும் மேலே முதல் வரியாகப் போட்டுவிடுகிறேன்.

பங்சார்_வாசகன் எழுதியது:

இடையில் வருகிறேன். இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், நம் நாட்டிலேயே 1974இல் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஏசா என்ற இரண்டு கலைஞர்கள் கோலாலம்பூர் டேவான் பஹாசாவில் (தேசிய மொழி நிறுவனம்) 'டுவர்ட்ஸ் எ மிஸ்டிக்கல் ரியாலிட்டி' என்று ஒரு கண்காட்சி வைத்ததைச் சொல்லுங்கள். பறவையைத் திறந்துவிட்ட பிறகு காலியாகக் கிடந்த கூண்டு, பாதி குடித்து வைத்த கோக்கா கோலா புட்டிகள், எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள், இவைதான் காட்சிப் பொருள்கள். பக்கத்தில் ஒரு வரி விவரம், கூண்டுக்குப் பறவையை விட்ட தேதி, மணி, நிமிடம் உட்பட. அந்த ஒரு வரிதான் வேலையைச் செய்கிறது. அது இல்லை என்றால் கூண்டு வெறும் கூண்டு.

நிரை_பதினாலு அண்ணன் பேசிய உத்தரவு, நேரம், உடம்பு எல்லாவற்றையும் தன் மேலேயே போட்டுப் பார்த்தவர் தைவானில் பிறந்த கலைஞர் டெச்சிங் ஷியே. 1980 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம், மணிக்கு ஒரு தடவை, தொழிற்சாலையில் வேலை நேரம் பதிக்கிற மாதிரி, பஞ்ச் கார்டு அடித்தார், ராத்திரி பகல் கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஒரு ஃப்ரேம். 8,760 தடவையில் 133தான் தவறியது. தலையை மழித்துக்கொண்டு தொடங்கினார், கடைசி ஃப்ரேமில் முடி தோள் வரை. உங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை, காட்டினால் போதும்.

பிள்ளைகளுக்கு எளிதாகத் தொடங்க வேண்டும் என்றால் மிராண்டா ஜூலை, ஹாரல் ஃப்ளெட்சர் என்ற இரண்டு கலைஞர்கள் 2002 முதல் 2009 வரை இணையத்தில் நடத்திய 'லேர்னிங் டு லவ் யூ மோர்' நல்ல வழிகாட்டி. கட்டிலுக்கு அடியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடு என்று ஒரு வேலை உண்டு. 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள்.

நிரை_பதினாலு எழுதியது:

நீங்கள் கேட்ட மாதிரி நேற்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முதலில் "எனக்கு என்னா தெரியும்" என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"காலையில நாலரைக்கு எந்திரி. வெளக்குப் போடாத. குசினிக்கு நட. கை எதுல மொதல்ல படுதோ அத ஒரு படம் புடி. அப்புறம் வாசலுக்கு வா, எந்த வீட்டுல வெளக்கு எரியுதுன்னு பாரு, அந்தப் பக்கம் பாத்து ஒண்ணு புடி. எரியலன்னா இருட்டயே புடி. ஒரு வாரம். ஞாயித்துக்கெழம வேணாம்."

ஞாயிறு ஏன் வேண்டாம் என்றால் அன்று பிரட்டு இல்லையாம். இதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் சார். என் சங்கடம் இதற்குப் பொருந்தாது.

ஈப்போ_ரோல்36 எழுதியது:

நான் எழுதியதைவிட ஆயிரம் மடங்கு நல்ல விதி. எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது, எப்போது நிறுத்துவது, மூன்றும் இருக்கிறது.

ஒரு தொழில்நுட்ப விஷயம் மட்டும். நாலரை மணி இருட்டில் இப்போதைய கைப்பேசிகள் தானாகவே நைட் மோடுக்குப் போய்விடும், இரண்டு மூன்று நொடி வெளிச்சத்தைச் சேர்த்துக் குசினியைப் பகல் மாதிரி காட்டிவிடும். பழைய கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைக்குக் கறுப்புதான் வரும். இரண்டையும் பக்கத்தில் மாட்டினால் ஒருவர் விதியை மீறிய மாதிரித் தெரியும். அதனால் நைட் மோடு போடலாம் அல்லது கூடாது என்று ஒரு வரி சேர்க்கணும். பிரிண்டு எல்லாம் 4ஆர் அளவு (4க்கு 6 அங்குலம்) போதும், ஓரம் வெட்ட வேண்டாம், பிள்ளைக்கு 12 படம், ஒரே வரிசை, இடக்கோடியில் விதி.

நிரை_பதினாலு தம்பி, நைட் மோடு விஷயத்தை நாம் முடிவு செய்ய வேண்டாம், உங்கள் அம்மாவிடம் இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். விதி அவருடையது.